அரைவாய் முழுசாகப் பேசிய ஞாயிறு

அன்று புள்ளக்காம்பராத் திடலில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைவர் வேலாயுதம், ஒரு கையில் குடை, மறு கையில் அவிழப்போகும் சாரம். அந்தோணி, ஒரு கன்னத்தில் மட்டும் சவர நுரை. அந்தோணி மனைவி ஸ்டெல்லா, கையில் அகப்பை. மாரியாயியும் அவள் மகன் ராசுவும். சிவபாக்கியமும் மூன்று பிள்ளைகளும். தொண்ணூறு வயசு கருப்பாயி, மகன் முதுகில். கருப்பாயியின் மருமகள், கிழவி தலைக்கு மேல் உரச்சாக்கைப் பிடித்தபடி. மற்ற வீட்டுக்காரர்கள். கடைசியாக ஓடி வந்த சிவபாக்கியம் புருசன். பிறகு நான். புள்ளக்காம்பராவில் பிள்ளை பார்க்கிற ஆயா.

கொட்டுகிற மழை. நனைவதை ஒருவரும் கவனிக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தார்கள். எங்கள் தோட்டத்தில் நடக்கவே நடக்காது என்று நினைத்தது நடந்துகொண்டிருந்தது. அரைவாய் முழுசாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பதுளையிலிருந்து ஹப்புத்தளை வரைக்கும் மலை மலையாகத் தேடுங்கள். அரைவாயைப் போலச் சொல்லுக்குக் கஞ்சத்தனம் பிடித்த மனிதர் கிடைக்கமாட்டார். உப்புக் கேட்டால் தருவார். சோறு கேட்டால் தருவார். சொல் கேட்டால் தரமாட்டார்.

இடத்தைச் சொன்னால்தான் ஆளைப் புரியும். எங்கள் கீழ் லயம், பன்னிரண்டு வீடும் ஒட்டி ஒரே வரிசை, பள்ளத்தில் இருந்தது. பின்னால் செங்குத்தாகத் தேயிலை மலை. முன்னால் ஓடை. ஓடைக்கு ஒரு நடைபாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் சின்ன மேடு, அதில் புள்ளக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை அங்கே என்னிடம் விட்டுப் போவார்கள். புள்ளக்காம்பராவுக்கு நேர் மேலே ஒரு கற்பாறை. அந்தப் பாறை தோட்டத்தின் இன்னொரு பகுதியான மேல் டிவிசனைச் சேர்ந்தது. அரைவாய் வீடு அதன் மேல்தான்.

பள்ளத்தில் போன் எடுபடாது. பாறையில் எடுபடும். அதனால் கொழும்பில் வேலை செய்கிற மகனும், ஹாலிஎலயில் கட்டிக்கொடுத்த மகளும், ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்கிறவர்களும் அரைவாயின் பட்டன் போனுக்குத்தான் அழைப்பார்கள். அவர் பாறையில் நின்று கீழே கத்துவார். நான் கேட்டு, கூரையில் தொங்கும் தண்டவாளத் துண்டில் ஒரு தட்டுத் தட்டுவேன். புரிந்தது என்று அர்த்தம். பிறகு பாலத்தைக் கடந்து உரிய வீட்டில் போய்ச் சொல்வேன். ரோட்டு வழியாக நடந்து வந்து சொல்வதென்றால் அரை நாள் போய்விடும்.

முன்பெல்லாம் நன்றாகத்தான் கத்தினாராம். பாக்டரியில் தேயிலைத் தூசிக்குள் வேலை செய்து நெஞ்சு கெட்டுவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்.

"இனிமே நீங்க கத்தவே கூடாது."

"எத்தன சொல்லு கத்தலாம்?"

"ஒண்ணும் கத்தக்கூடாது."

"ரெண்டு?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. ரெண்டு."

டாக்டர் விளையாட்டுக்குச் சொன்னார். அரைவாய் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு மூச்சுக்கு இரண்டு சொல். பிறகு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். எழுந்து இன்னும் இரண்டு.

மாரியாயி மகன் ராசு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை அப்படித்தான் கேட்டேன். "மாரியாயி மகன்." உட்கார்ந்தார். "ராசு பதுளை." உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரியில படுத்திருக்கான்." உட்கார்ந்தார். "துணி வேணும்." உட்கார்ந்தார். "பயம் இல்ல." அந்தக் கடைசி இரண்டு சொல் வருவதற்குள் மாரியாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடை வரைக்கும் வந்துவிட்டாள்.

புதிய சேதிக்கு இந்தப் பாடு. ஆனால் ஒரு தடவை சொன்னதை அவர் மறுபடி சொல்லமாட்டார். அடுத்தவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது "செல்லம்மா, ராசு" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. செல்லம்மா ஆஸ்பத்திரியில், துணி வேணும், பயமில்லை. அதோடு "சோறும்" என்று ஒன்று சேர்த்தார். அதற்கடுத்தவருக்குத் துணியும் சோறும் இரண்டும் வேண்டியிருந்தது. அவர் பெயரோடு "செல்லம்மா" என்று மட்டும் சொன்னார். பழையதில் ஒரு புதிய சொல் ஒட்டும். ஒட்டியது அடுத்த தடவை ஒரே சொல்லாகிவிடும்.

நாங்கள் முன்கூட்டி எதையும் பேசி வைக்கவில்லை. அவர் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் ஏற்பாடு. எது அடிக்கடி வருகிறதோ அது சோப்புக்கட்டி மாதிரித் தேய்ந்துகொண்டே போனது.

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்குத்தான் கஷ்டம். ஒருத்தி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "யாரு ஆயா அந்த ராசு? ஒரு வீடு விடாம எல்லா வீட்டுக்கும் வர்றானே."

வீட்டிலும் இப்படித்தான். சம்சாரம் உயிரோடு இருந்த காலத்தில் விடிய விடியத் திட்டுவாராம். இவர் எல்லாவற்றுக்கும் "திங்கக்கிழம" என்று ஒரு சொல் சொல்வார். திங்கட்கிழமை சொன்ன பதில்தான் இதற்கும் என்று அர்த்தம். அந்த அம்மாவுக்கு அதைக் கேட்டதும் இன்னும் கோபம் வருமாம். கடையில் போய் "நேத்து" என்பார். கடைக்காரர் நேற்றுக் கொடுத்ததையே கட்டிக் கொடுப்பார். கோயில் திருவிழாவில் எல்லோரும் கண்ணை மூடி மனசுக்குள் பட்டியல் போடும்போது இவர் வாய் திறந்து "போன வருசம்" என்று சொல்லிவிட்டு விபூதி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"சாமிகிட்டயுமா அண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"மறந்திருக்குமா?" என்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காரியம் என் பல்லால் கெட்டது. நான் பல் பிடுங்க பதுளைக்குப் போன ஒரு நாள் தலைவர் வேலாயுதம் என் இடத்தில் உட்கார்ந்தார். வேலாயுதம் சங்கத் தலைவர். நல்ல மனிதர்தான். ஆனால் கேட்பதைவிடச் சொல்வதில் ஆசை. அன்று மேலேயிருந்து ஒரு புதிய சேதி, இரண்டு இரண்டு சொல்லாக வந்தது. சிவபாக்கியம் அண்ணன் மகள் வயசுக்கு வந்துவிட்டாள், தண்ணீர் ஊற்ற எல்லோரும் வாருங்கள். வேலாயுதம் சிவபாக்கியத்திடம் சொன்னார். அவள் குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டாள். நான் கன்னம் வீங்கி வந்து படுத்தேன். என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பாறையிலிருந்து சத்தம். "அந்தோணி தங்கச்சி." உட்கார்ந்தார். "போன தடவ."

போன தடவை நான் கேட்டது என்ன? பண்டாரவளையில் ஒரு பெரியம்மா செத்துப்போனார், எல்லோரும் வாருங்கள். தண்டவாளத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். போய் அந்தோணியிடம் சொன்னேன்.

லயமே அழுதது. வேன் பிடித்தோம். பதுளைக் கடைத்தெருவில் மலர்வளையம் வாங்கினோம். ஸ்டெல்லாவுக்கும் அந்த நாத்தனாருக்கும் பேச்சே கிடையாது. இருந்தாலும் வேனில் ஏறியதிலிருந்து ஒப்பாரி வைத்தாள். தங்கமான நாத்தனாராம். கேட்குமுன் கொடுக்கிற கையாம். ஹாலிஎலயில் நாத்தனார் வீட்டு வாசலில் இறங்கும்போது சத்தம் உச்சத்தில் இருந்தது.

வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தோணி தங்கச்சி பட்டுச்சேலையோடு வெளியே வந்தாள். அந்தோணி மலர்வளையத்தோடு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்குண்ணே அது?" என்று கேட்டாள் தங்கச்சி.

அவள் ஸ்டெல்லா பக்கம் திரும்பினாள். "ரோட்டு முனையில இருந்தே கேட்டேன் அண்ணி. நான் இருக்கையில இதுல ஒரு வார்த்த சொன்னதில்லையே நீங்க."

மகளுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் அழைத்திருக்கிறாள். மலர்வளையத்தை வேன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நாங்களும் ஊற்றினோம். சாப்பாடு நன்றாக இருந்தது. திரும்பி வரும் வழியில் ஒருவரும் என்னோடு பேசவில்லை.

"இனிமே இந்த விளையாட்டு வேணாம்" என்றார் வேலாயுதம். தான் சொல்ல மறந்ததைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு ஒழுங்கு வேணும். என்னென்ன சேதி வரும்னு நமக்குத் தெரியும். எல்லாத்துக்கும் நம்பர் போட்டுருவோம்."

புள்ளக்காம்பராச் சுவரில் முப்பது நம்பர் எழுதினார். மேலே பாறையிலும் கரியால் எழுதிவைத்தார். கீழ் லயத்தில் பன்னிரண்டு வீடு, நாற்பத்தொரு ஆள். இத்தனை பேர் வாழ்க்கையும் முப்பதுக்குள் அடங்கும் என்பது அவர் எண்ணம். ஒன்று, தலைவர் கூட்டத்துக்கு வரச் சொல்கிறார். இரண்டு, தலைவர் பதுளைக்குப் போயிருக்கிறார். மூன்று, தலைவர் திரும்பி வந்துவிட்டார். ஏழு வரைக்கும் தலைவர்தான். சாவு பதினாலாம் இடத்தில் இருந்தது.

அந்த வாரம் முதல் சேதி அந்தோணி மகனிடமிருந்து வந்தது. அவன் கொழும்பில் அலங்கார மீன் கடையில் வேலை. போன் மீன் தொட்டிக்குள் விழுந்துவிட்டது, கொஞ்ச நாளைக்கு அழைக்கமாட்டான், செத்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். இதற்கு நம்பர் இல்லை. அரைவாய் பாறையில் நெடுநேரம் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"அந்தோணி மகன்." உட்கார்ந்தார். "பதினாலு இல்ல."

காற்று அடித்தது. 'இல்ல' போய்விட்டது. ஸ்டெல்லா மயங்கி விழுந்தாள்.

வேலாயுதம் சண்டைக்கு மேலே ஏறிப் போனார். நானும் பின்னால் போனேன்.

"நம்பரச் சொல்லத் தெரியாதா அண்ணே ஒங்களுக்கு?"

"நாளைக்கு என்ன வரும்?" என்றார் அரைவாய்.

"அது யாருக்குத் தெரியும்?"

"அப்பறம்?"

வேலாயுதம் கீழே வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். முதல் ஏழு நம்பரை மட்டும் விட்டுவைத்தார்.

பழையபடி ராசுவும் செல்லம்மாவும் வந்தார்கள். இந்தச் சமயத்தில்தான் 'ஹோ' பிறந்தது.

மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை போனில் வரும். முதல் தடவை அரைவாய் அதை முழுசாகச் சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. சிவப்பு எச்சரிக்கை, மலையடிவாரத்தில் இருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள், பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். போனோம். மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்தில் படுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பினோம். மறுபடி வந்தது. "பள்ளிக்கூடம்" என்றார். பாதிப் பேர் போனார்கள். மறுபடி வந்தது. "சிவப்பு" என்றார். மாரியாயி மட்டும் போனாள். அதன்பிறகு அந்த மழையில் மற்ற எந்தச் சேதியை விடவும் அதுதான் அதிகம் வந்தது. தேய்ந்து தேய்ந்து கடைசியில் "ஹோ" ஆனது. அவரிடம் இருந்ததிலேயே சின்னச் சத்தம் அதுதான். இருமல் மாதிரி இருக்கும்.

மண்சரிவில் லயங்களே புதைந்துபோன மீரியபெத்தயை மறந்தவர்கள் இல்லை நாங்கள். அங்கே சொந்தக்காரர்களை இழந்தவர்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள். ஆனாலும் தினமும் கேட்கிற சத்தத்துக்கு யார் எழுந்து ஓடுவார்கள்? ஹோ என்றால் போர்வையை இழுத்துக்கொண்டோம்.

அந்த ஞாயிறு வேலை இல்லை. எல்லோரும் வீட்டில். நான் மட்டும் புள்ளக்காம்பராக் கூரை ஒழுகுகிறதென்று சட்டிகள் வைக்கப் போயிருந்தேன். சோறு கொதிக்கிற நேரம்.

"ஹோ."

ஒரு தட்டுத் தட்டினேன். லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை.

"ஹோ."

கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தேன். அரைவாய் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டார். அது அவர் வழக்கமே இல்லை.

பிறகு அவர் பாறை விளிம்புக்கு வந்தார். உட்காரவில்லை.

"வேலாயுதம், அந்தோணி, மாரியாயி, சிவபாக்கியம், எல்லாரும் கேளுங்க. ஒங்க லயத்துக்குப் பின்னால மேல தேயில வரிச கோணிப்போச்சு. நேத்து நேரா இருந்திச்சு. நடுவுல மண்ணு வாய் பொளந்து நிக்குது. எனக்கு இங்கயிருந்து தெரியுது. ஒங்களுக்குத் தெரியாது. எந்திரிச்சு பாலத்தக் கடந்து வாங்க. சட்டி பானைய விட்டுட்டு வாங்க."

ஒரே மூச்சு.

நான் தட்ட மறந்துவிட்டேன். லயத்தில் பன்னிரண்டு கதவும் திறந்தன. மலையைப் பார்க்க ஒருவரும் திரும்பவில்லை. எல்லோரும் பாறையைப் பார்த்தார்கள்.

"குடிச்சிருக்காரோ?" என்றார் அந்தோணி.

"அவரு குடிக்கிற ஆளு இல்லங்க. பேய்தான் புடிச்சிருக்கு" என்றாள் ஸ்டெல்லா.

"மண்ணு எங்க பொளந்திருக்கு? ஒண்ணையும் காணோமே" என்று வேலாயுதம் குடைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தார். லயத்திலிருந்து பார்த்தால் கூரையும் மூடுபனியும்தான் தெரியும். மழை வலுத்தது. இரண்டு மூன்று பேர் உள்ளே போகத் திரும்பினார்கள்.

அரைவாய் அதைப் பார்த்தார்.

"போன தீவாளிக்கு அந்தோணி வீட்டுச் சேவலப் புடிச்சது வேலாயுதம்தான்."

திரும்பியவர்கள் நின்றார்கள். அந்தோணியின் கையில் சவரக்கத்தி நின்றது.

"என்ன சொல்றாரு அந்த ஆளு?" என்றார் வேலாயுதம்.

"சேவல்னு சொல்றாரு" என்றார் அந்தோணி.

அரைவாய் நிறுத்தவில்லை. ஆனால் சத்தம் இறங்கியது. மூச்சு போய்விட்டதா, வேண்டுமென்றே இறக்கினாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அடுத்து ஸ்டெல்லாவின் பெயர் மட்டும் கேட்டது. மிச்சம் கேட்கவில்லை. ஸ்டெல்லா அகப்பையோடு பாலத்தில் ஏறினாள். "அண்ணே, என்ன சொன்னீங்க? என்னையப் பத்தி என்ன சொன்னீங்க?" அந்தோணி பின்னால் வந்தார். மறுப்புச் சொல்ல வேலாயுதம் வந்தார். அவர்கள் கேட்பதைத் தாங்கள் கேட்காமல் விடக்கூடாதென்று மற்றவர்கள் வந்தார்கள். அவர் ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொன்னார். பெயர் மட்டும் உரக்க வரும். விஷயம் முணுமுணுப்பாக இருக்கும். அந்த வீடு காலியாகும்.

எல்லா வீட்டுச் சேதியும் அவர் போனுக்குத்தான் வந்தது. எல்லா வீட்டுக் கொல்லையும் பாறையிலிருந்து தெரியும். இத்தனை காலம் ஒன்றையும் சொல்லாத மனிதர். சேர்த்துவைத்ததையெல்லாம் அன்று அவிழ்த்துவிட்டார்.

"என்னயத் தூக்குடா" என்று கருப்பாயி மகனிடம் சொல்வது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"மழ பெய்யுதும்மா."

"ஊருக்கதை பூராவும் சொல்றான். அதக் கேக்காம நான் சாகணுமா? தூக்குடா."

எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவர் வரவில்லை. சிவபாக்கியம் புருசன். அவருக்குக் காது கேட்காது. பல வருசமாகக் கேட்காது. சிவபாக்கியம் பாலத்தின் இந்த முனையில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். அவர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவள் போய்க் கூட்டி வரத் திரும்பினாள்.

"நீ போகாத சிவபாக்கியம்." அரைவாய்க்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ. "ஒன் புருசன் செவிடு இல்ல. நல்லாக் கேக்கும். ஒன் வாய்க்குப் பயந்து நடிக்கிறான்."

வெற்றிலையைப் போட்டுவிட்டு மனிதர் எழுந்தார். பாலத்தில் ஓடி வந்தார்.

"எவன் சொன்னான் நான் நடிக்கிறேன்னு? எவன் சொன்னான்?"

சிவபாக்கியம் அவரைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. கொத்திப்போட்ட பச்சை மண் வாசம். சத்தம் அதற்குப் பிறகுதான்.

மலை இறங்கியது. எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே வரிசையாக நடந்து வந்தன. லயத்தின் கூரை ஒரு தடவை எழும்பியது. பிறகு இல்லை. வாசல் இல்லை. வெற்றிலை கிடந்த இடம் இல்லை. பாலம் இல்லை. ஓடை எங்கே ஓடுவதென்று தெரியாமல் நின்றது.

அகப்பையிலிருந்து சோற்றுக் கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது.

மேலே மூடுபனி மறைத்துவிட்டது. அவருக்கு எங்களைத் தெரியவில்லை. ஒரு சொல் வந்தது. பாதிக் காற்று, பாதிச் சத்தம்.

"எத்தன?"

நான் எண்ணினேன். பிள்ளைகளைத் தலையில் கை வைத்து எண்ணினேன். பெரியவர்களையும் அப்படியே எண்ணினேன். வேலாயுதம்கூடத் தலையைக் குனிந்து கொடுத்தார். பிறகு தண்டவாளத் துண்டில் தட்டத் தொடங்கினேன். எப்போதும் ஒரு தட்டுத்தான் தட்டியிருக்கிறேன். அன்று ஓர் ஆளுக்கு ஒரு தட்டு. விடாமல் நாற்பத்தொன்று. முடித்ததும் மேலே ஒரு கல் உருண்ட சத்தம் கேட்டது. அவர் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தோணி கன்னத்து நுரையைத் துடைத்தார். "சேவல் போகட்டும் தலைவரே."

"புடிச்சது நான்தான் அந்தோணி" என்றார் வேலாயுதம்.

அரைவாயை மறுநாள் பதுளைக்குக் கொண்டுபோனோம். தொண்டையில் ரத்தம். அதே டாக்டர் இருந்தார்.

"நான் எத்தன சொல்லு கத்தச் சொன்னேன்?"

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"நீங்க எத்தன கத்துனீங்க?"

அவர் விரலை மடக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

அதன்பிறகு அவருக்குக் குரல் வரவே இல்லை. ஸ்டெல்லா தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் உதட்டை அசைப்பார். அவள் காதைக் கொண்டுபோவாள். ஒன்றும் இருக்காது.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது கிராம சேவகர் ஆள் கணக்கெடுக்க வந்தார். அரைவாயையும் அங்கேயே கொண்டுவந்து வைத்திருந்தோம். அவர் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாறை அப்படியேதான் இருந்தது. ஆனால் அவரைத் தனியாக விட ஒருவருக்கும் மனசில்லை. மூலையில் தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கீழ் லயத்து ஆளுங்க மொத்தம் எத்தன பேரு?" என்று கிராம சேவகர் கேட்டார்.

நான் சொன்னேன்.

"ஒண்ணு கூடுதே ஆயா" என்றார் ஒருவர். "அவரு மேல் டிவிசன்."

வேலாயுதம் மூலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆயா சொன்னதையே போடுங்க" என்றார்.

நாற்பத்திரண்டு.